சித்தப்பாவோட பழைய பேஸ் கிட்டார், சத்தம் வந்தாச்சு

பரண்ல வருஷக்கணக்கா கெடந்த பேஸ் இப்போ ஆம்ப்ல பாடுது மக்களே. சித்தப்பா 80கள்ல கல்ஃப்ல இருந்து கொண்டு வந்தது, ஜப்பான் மேக், ஃபெண்டர் கம்பெனியோட பிரெசிஷன்ங்கிற பேஸ பார்த்து செஞ்சது, 34 இன்ச் ஸ்கேல் (கம்பி அதிருற நீளம்), பிக்கப் (கம்பியோட அதிர்வ மின் சிக்னலா மாத்துற காந்தச் சுருள்) ரெண்டு துண்டா இருக்கும், ஃபெண்டர் 1957ல கொண்டு வந்த அந்த டிசைன். களியக்காவிளை, மார்த்தாண்டம் பக்கத்து சர்ச் குவயர்ல எல்லாம் வாசிச்ச கிட்டார்.

பெயின்ட தொடல. கார் பெயின்ட் அடிக்கிற இடத்துல குடுத்தா புதுசு மாதிரி ஆக்கிருவாங்கன்னு நெறைய பேரு சொன்னாங்க, ஆனா சித்தப்பா கை உரசி மரம் தெரியுற அந்த இடம் எனக்கு அப்படியே வேணும்.

பெரிய வேல பிக்கப்தான். சுத்தமா சத்தம் இல்ல. மல்டிமீட்டர் வச்சா ஒரு பாதி 5 கிலோ ஓம் பக்கம் காட்டுது, மறு பாதி ஓப்பன், அதாவது எங்கயோ வயர் அத்துருக்கு. ரெண்டும் சீரிஸ்ல இருக்கதால ஒண்ணு போனா நாலு கம்பியும் ஊமை. புது பிக்கப் ஆன்லைன்ல கெடைக்கும், ஆனா அத போட்டா அந்த பழைய டோன் போயிரும்னு மனசு கேக்கல. கவர கழத்தி லென்ஸ் வச்சு பார்த்தா, வெளி முனை சால்டர் பண்ணுன எடத்துலயே அத்துருக்கு, நல்லவேளை உள்ள இல்ல. 42 கேஜ் வயர், 0.06 மில்லிமீட்டர்தான் இருக்கும், தலைமுடி மாதிரி, மூச்சு விட்டாலே ஆடுது. ஒரே ஒரு சுத்து மட்டும் பைய பிரிச்சு, நைஸ் உப்புத்தாள்ல எனாமல ஒரு தடவல்ல எடுத்து (இது போகலைனா ஈயம் ஒட்டாது), சால்டர் வச்சு மறுபடி மீட்டர் போட்டேன், மொத்தமா 10 கிலோ ஓம்! அந்த நம்பர பார்த்ததும் சித்தப்பாவ சத்தம் போட்டு கூப்பிட்டுட்டேன்.

வால்யூம் பாட் (நாப்புக்கு அடியில சத்தத்த கூட்டிக் குறைக்கிற பாகம்) கரகரன்னு இருந்துச்சு, பஸ் ஏறி திருவனந்தபுரம் சாலை பஜார் போயி "சேட்டா, 250 கே உண்டோ"ன்னு கேட்டா "லாகோ லீனியரோ"ன்னு திருப்பி கேட்டாரு, அப்பவே மனசு நெறஞ்சு போச்சு. லாக்தான் வாங்கணும், அதுலதான் சத்தம் காதுக்கு சீரா ஏறும், லீனியர் போட்டா நாப்ல கொஞ்ச எடத்துலயே மொத்த சத்தமும் ஏறி எறங்கிரும். பாடியில கம்பிய தாங்குற பிரிட்ஜோட ஸ்க்ரூ உப்புக்காத்துல துருப்பிடிச்சு நின்னுட்டு, மண்ணெண்ணெய்ல ராத்திரி ஊறப்போட்டு எடுத்தேன். எர்த் வயர மாத்துனதும் ஹம்மும் நின்னாச்சு.

நெக் முன்னால வளைஞ்சிருந்துச்சு. இதுல டிரஸ் ராட (நெக்குக்குள்ள ஓடி வளைவ சரி பண்ணுற இரும்பு ராட்) முறுக்குற நட்டு பாடி பக்கம் இருக்கதால நாலு ஸ்க்ரூவையும் கழத்தி நெக்க வெளிய எடுத்தாதான் திருப்பவே முடியும். கால் சுத்து திருப்பி, மாட்டி, டியூன் பண்ணி ஒரு நாள் விடணும், அவசரப்படவே கூடாது. நம்ம ஊருல ரெண்டு மழையும் உண்டு, மரம் ஈரத்துக்கு அசையும், அதனால மழை முடிஞ்சு ஒருக்கா பார்க்கணும்.

கம்பி ஃப்ளாட்வவுண்டுதான் (மேல தட்டையா சுத்துன வழவழப்பான கம்பி) போட்டிருக்கேன், மோட்டவுன் பாட்டுகளுக்கு பேஸ் வாசிச்ச ஜேம்ஸ் ஜேமர்சன் 1962 பிரெசிஷன்ல வச்சிருந்த வகை. குவயருக்கு பின்னால அந்த உருண்ட சத்தம்தான் சேரும்.

இப்போ ஏ கம்பி மட்டும் விரல் வைக்காம ஓப்பன்ல வாசிச்சா இரையுது, ஃப்ரெட்ல அமுக்குனா இல்ல, அப்போ நெக்கோட தலைப்பக்கம் கம்பி உக்காருற நட்டுல வெட்டு ஆழமாயிருக்கு. எலும்பு நட் ஒண்ணு ராவி போடணும், கிறிஸ்மஸ் கேரலுக்கு முன்ன முடிச்சாகணும், சித்தப்பா பாட்டு லிஸ்டு எழுத ஆரம்பிச்சாச்சு.