வெள்ளிக்கிழமை வரும் பிள்ளைகளும் நடுச்சுவரும்

கிளிநொச்சி, வவுனியாப் பக்கம் வீட்டைப் பாதியாகப் பிரித்து வாடகைக்கு விடுகிற எங்களுக்கு இது பழகிப்போன தலையிடி. இடமாற்றத்தில் வந்த ஆசிரியர், தாதி என்று குடியிருப்பவர். பிள்ளைகள் யாழ்ப்பாணத்தில் அம்மம்மாவோடு. வெள்ளி பின்னேர பஸ்ஸில் வந்து இறங்குவார்கள். சனி விடிய மற்றப் பக்கத்திலிருந்து போன் வரும்: "அண்ணை, இருக்க ஏலாமல் கிடக்கு."

உடனே குடியிருப்பவருக்குப் போன் எடுத்து ஏச வேண்டாம். முறைப்பாடு சொன்னவரிடம் என்ன சத்தம், எத்தனை மணிக்கு, எந்த அறையில் என்று கேளுங்கள். "எப்ப பார்த்தாலும் சத்தம்" என்பது பதிலில்லை. இரண்டு வார இறுதிக்கு ஒரு கொப்பியில் திகதியும் நேரமும் எழுதச் சொன்னால் சிலர் அதோடு அடங்கிவிடுவார்கள். அடங்காதவரின் வீட்டில் அதே நேரத்துக்குப் போய் அரை மணித்தியாலம் இருந்து பாருங்கள்.

பிள்ளைகள் கத்துவதைவிட வேறு சத்தங்கள்தான் கூடக் கேட்கும். சீமெந்து நிலத்தில் இழுபடும் பிளாஸ்ரிக் கதிரை, அடித்துச் சாத்தும் இரும்புக் கேற், கிணற்றுக் கப்பி. ஆனால் பெரிய குற்றவாளி நாங்கள் கட்டிய நடுச்சுவர். செலவைப் பார்த்து வளை மட்டத்தோடு நிறுத்தியிருப்போம். மேலே கூரைவரை திறந்து கிடக்கும். அதனால் இருமினாலும் அங்கே கேட்கும். 4 அங்குலக் கல்லு வைத்துக் கூரைத் தகடுவரை அடைத்து இரண்டு பக்கமும் பூச வேண்டும். பூசாவிட்டால் கல்லு இடுக்கால் சத்தம் வரும். றெஜிபோம் என்கிற வெள்ளை நுரைத் தகடு அடிப்பது காசுக்குக் கேடு. பாரமில்லாத பொருள் சத்தத்தை மறிக்காது. சுவருக்கு அத்திவாரம் இல்லையென்றால் மேசனிடம் காட்டாமல் பாரம் ஏற்ற வேண்டாம்.

கதிரைக் காலுக்குப் பழைய சைக்கிள் ரியூப்பை வெட்டி இரண்டு மடிப்பாகக் கட்டினால் போதும். கேற் வந்து முட்டும் இடத்துக்கும் அதே ரியூப். கப்பிக்குக் கிறீஸ்.

குடியிருப்பவரோடு பேச்சு, பிள்ளைகள் திரும்பிப் போன திங்கள் பின்னேரம். கிழமைக்கு இரண்டு நாள் பிள்ளையைப் பார்க்கிற தாயிடம் "பிள்ளைகளைக் கூப்பிடாதேங்கோ" என்று சொன்னால் வீடு காலியாகும், சத்தம் பற்றிய கதை முடியாது. நேரத்தைப் பேசுங்கள்: இரவு 9 மணிக்குப் பிறகு முற்றத்தில் பந்து இல்லை. மற்றப் பக்கம் உயர்தரப் பரீட்சை எழுதுகிற பிள்ளை இருந்தால் அந்தக் கிழமைகளுக்கு மட்டும் இன்னும் இறுக்கலாம்.

இந்த நேரங்களைக் குத்தகை உறுதியிலேயே எழுதுவது நல்லது. ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு முன்னிலையில் எழுதப்படாவிட்டால் 1840 ஆம் ஆண்டின் மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி செல்லாது. வீட்டில் முத்திரை ஒட்டி எழுதிய தாளை நம்பியிருக்க வேண்டாம்.

அதற்கும் சரிவராவிட்டால், பொலிசுக்கு ஓட முதல் மத்தியஸ்த சபை. 1988 ஆம் ஆண்டின் 72 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்குவது. அங்கே சட்டத்தரணி வந்து வாதாட முடியாது. கொப்பியை மறக்காமல் கொண்டு போங்கள். சிலவேளை அங்கேதான் உண்மைக் கதை வெளியே வரும்: பிள்ளைகளின் சத்தமில்லை, பொதுக் கிணற்று மோட்டரின் கரண்ட் பில்லை யார் கட்டுவது என்பது. அதற்கு மோட்டருக்கென்று ஒரு உப மீற்றர் பூட்டினால் சரி.