ஸ்கானில் தெரியாத இழப்பு

தலையில் அடிபட்டவர்களை முதல் நாளில் பார்ப்பவள் அல்ல நான். அவசர சிகிச்சை, சீ.ரி. ஸ்கான், சத்திரசிகிச்சை எல்லாம் முடிந்து, காயம் ஆறி வீடு திரும்பிச் சில மாதங்கள் போன பிறகே என்னிடம் வருவார்கள். திருகோணமலையில் தொழில்வழிச் சிகிச்சையாளராக, அதாவது அன்றாட வேலைகளை மீண்டும் செய்யப் பழக்குபவளாக இருக்கும் நான் பார்ப்பவர்களில் பலர் மோட்டார் சைக்கிளில் விழுந்தவர்கள். கண்டி வீதி, நிலாவெளி வீதி, மூதூர்ப் பக்கம். இரவில் நடுவீதியில் படுத்துக் கிடக்கும் மாடுகளைச் சொல்லாதவர்கள் குறைவு.

கூட வரும் மனைவியோ தாயோ கேட்பது அநேகமாக ஒன்றைத்தான்: “மிஸ், ஸ்கானில் ஒன்றும் இல்லை என்றுதானே சொன்னார்கள்? பிறகேன் இவர் இப்படி இருக்கிறார்?” கடலுக்குப் போகிறவர் வலை விட்ட இடத்தை மறக்கிறார். கடை வைத்திருப்பவர் மிச்சக் காசு கொடுக்கத் தடுமாறுகிறார். சில வீடுகளில் ‘நடிக்கிறான்’ என்ற பேச்சும் எழுந்துவிடும். அந்தப் பேச்சை என்னால் பொறுக்க முடிவதில்லை.

அதற்குப் பதில் தேடியே எலிகளில் நடந்த ஆய்வுகளைப் படிக்கத் தொடங்கினேன். மயக்க மருந்து கொடுத்த எலியின் மண்டையோட்டில் சிறு துளையிட்டு, உப்புநீர் நிரம்பிய குழாயை அதில் பொருத்துகிறார்கள். குழாயின் மறுமுனையில் ஓர் ஊசல் மோத, அழுத்த அலை மூளையை ஒரு கணம் தாக்குகிறது. பின்னர் மூளையை மெல்லிய சீவல்களாக்கி, சாயமூட்டி, எஞ்சியுள்ள நரம்புக்கலங்களை நுண்ணோக்கியில் எண்ணுகிறார்கள். எண்ணிக்கை பெரிதும் குறையும் இடங்களில் ஒன்று, புதிய நினைவுகளுக்கு ஆதாரமான ஹிப்போகாம்பஸ். இலேசான அடியிலும் அங்கே கலங்கள் அழிவதையும், அந்த எலிகள் கற்றலிலும் நினைவிலும் பின்தங்குவதையும் 1993இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது.

என்னை உலுக்கியது 1997இல் டக்ளஸ் ஸ்மித் என்ற அமெரிக்க ஆய்வாளரின் குழுவினர் வெளியிட்ட ஆய்வு. ஒரே ஓர் அடிக்குப் பின் எலிகளை ஓராண்டு வரை தொடர்ந்து பார்த்தார்கள். மூளையின் மேலடுக்கான புறணியிலும் ஹிப்போகாம்பஸிலும் மூளையின் நடுப்பகுதியான தலமஸிலும் இழையம் மாதக்கணக்கில் சுருங்கிக்கொண்டே போனது. ஆய்வுகூட எலியின் ஆயுள் இரண்டு, மூன்று ஆண்டுகள்தான் என்பதை நினைத்தால் அந்த ஓராண்டின் நீளம் விளங்கும். அடி சில கலங்களை உடனே கொல்கிறது. நரம்புக்கலங்களிடையே செய்தி கடத்தும் குளுட்டமேற்று என்ற இரசாயனம் அளவுக்கு மீறிக் கசிவது, கலத்துக்குள் பாயும் கல்சியம், ஓயாத அழற்சி ஆகியவை மற்றவற்றைப் பின்னர் கொல்கின்றன. முதல் நாள் எடுத்த ஸ்கான் இதைக் காட்டாது. தனித்தனிக் கலங்களின் இழப்பைக் காண்பது அதன் வேலையும் அல்ல.

ஆனால் எலியில் கண்டது மனிதருக்கும் அப்படியே பொருந்தும் என்றில்லை. எலியின் மூளை இரண்டு கிராம் அளவே; மடிப்புகளும் இல்லை. நம்முடையது ஏறத்தாழ 1,300 கிராம். விலங்குகளில் நரம்புக்கலங்களைக் காத்த புரோஜெஸ்தரோன் என்ற ஹோர்மோன், மனிதர்களிடம் செய்யப்பட்ட இரு பெரிய பரிசோதனைகளில் பயன் தரவில்லை என்று 2014இல் தெரியவந்தது. எனவே எந்தத் தாயிடமும், “உங்கள் மகனின் மூளைக் கலங்கள் இன்னும் செத்துக்கொண்டிருக்கின்றன” என்று நான் சொல்வதில்லை, சொல்லவும் கூடாது. “ஸ்கானில் தெரியாத பாதிப்பும் உண்டு அம்மா, இவர் நடிக்கவில்லை” என்கிறேன். அதைச் சொல்லும் துணிவை எனக்குத் தந்தவை அந்த ஆய்வுகள். அந்த விலங்குகளுக்கு நான் கடன்பட்டிருக்கிறேன்.

நம்பிக்கை தருவதும் அங்கேயே இருந்தது. அடிபட்ட பின் வெறுங்கூட்டில் அடைபட்ட எலிகளைவிட, விளையாட்டுப் பொருள்களும் கூட்டாளிகளும் நிறைந்த பெரிய கூட்டில் வாழ்ந்த எலிகள், நீருக்கடியில் மறைந்துள்ள மேடையைத் தேடும் சோதனையில் தேறின. 1996இல் வந்த முடிவு அது. ஆகவே மீனவரை அறைக்குள் படுக்க வைக்காதீர்கள், கரையில் வலை பொத்துகிறவர்களோடு உட்கார வையுங்கள் என்கிறேன்.

இப்போது நான் வாதாடுவது ஒன்றுக்காக. ஸ்கான் சரி என்று வீட்டுக்கு அனுப்பப்படுகிறவருக்கும் கிளினிக் கொப்பியில், ஆறாம் மாதத்திலும் பன்னிரண்டாம் மாதத்திலும் நினைவாற்றல் சோதனைக்குத் திகதி போட வேண்டும். மூதூரிலிருந்து வருபவருக்கு அது ஒரு நாள் கூலி இழப்பு. அதனால் கையோ காலோ முறிந்தவர்களுக்கு அந்த முறிவுக்கான கிளினிக் நாளிலேயே இதையும் முடித்துக் கொடுக்கலாம். அரை மணி நேரமும் ஒரு மேசையும் போதும்.