மிலிட்டரி தாத்தாவின் மெடல்களுக்குச் சட்டம் (ஃப்ரேம்) போடும் முன்

பட்டாளத்தில் இருபது இருபத்தைந்து வருஷம் இருந்துவிட்டு வந்தவரின் மெடல்கள் பெரும்பாலும் பீரோவின் மூலையில், ஏதாவது டப்பாவில்தான் கிடக்கும். எண்பதாம் கல்யாணம் நெருங்கும்போது பிள்ளைகளுக்கு நினைவு வந்து, நேராக ஃப்ரேம் கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். கடைக்காரருக்குத் தெரிந்தது அழகு மட்டும்தான். பெரிய நட்சத்திரத்தை நடுவில் வைத்து, மற்றதைச் சுற்றிலும் ஒட்டிக் கொடுத்துவிடுவார். மெடல்களுக்கு ஒரு வரிசை உண்டு. அது கலைந்தால் சர்வீஸ் தெரிந்தவர் கண்ணில் உடனே உறுத்தும்.

முதலில் விளிம்பைப் படியுங்கள். ஒவ்வொரு மெடலையும் ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் ராணுவ எண், பதவி, பெயர், யூனிட் பொறித்திருப்பது தெரியும். ஒன்றில் சிப்பாய், இன்னொன்றில் ஹவில்தார் என்று இருந்தால் பிழை இல்லை. அது வழங்கிய நேரத்துப் பதவி. விளிம்பில் எதுவும் இல்லையென்றால் அது அநேகமாகக் கடையில் வாங்கிய நகல். அசல் தொலைந்ததும் அணிவகுப்புக்காகப் பலர் அப்படி வாங்கியிருப்பார்கள். பட்டாளத்திலிருந்து வெளியே வரும்போது தரும் டிஸ்சார்ஜ் புக்கில் பதக்கங்களின் பட்டியல் இருக்கும். கையில் உள்ளதை அதோடு சரிபாருங்கள். குறைந்தால் அவருடைய ரெஜிமெண்டின் ரெக்கார்ட்ஸ் ஆபீஸுக்கு எழுத வேண்டும். மெட்ராஸ் ரெஜிமெண்ட் என்றால் நீலகிரியில் உள்ள வெலிங்டன். மனு எழுதத் தெரியவில்லையென்றால் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் கேளுங்கள்.

மெடல்களே அவர் எங்கே இருந்தார் என்று சொல்லிவிடும். 1965 போருக்கான ரக்ஷா மெடல் மட்டும் இருந்தால், அப்போது பணியில் இருந்தார் என்று பொருள். கூடவே சமர் சேவா ஸ்டார் என்ற நட்சத்திர மெடல் இருந்தால் போர்ப் பகுதியிலேயே இருந்திருக்கிறார். 1971-க்கு சங்கிராம் மெடல் பொது. பூர்வி ஸ்டார் கிழக்கு முனை, பஸ்சிமி ஸ்டார் மேற்கு முனை. சைன்ய சேவா மெடலின் ரிப்பன் மேல் இருக்கும் சின்னப் பட்டையில் ஜம்மு காஷ்மீர், ஹிமாலயா போன்ற பகுதியின் பெயர் இருக்கும். அமைதிப்படையில் இலங்கை போனவர்களுக்கு ஸ்பெஷல் சர்வீஸ் மெடலில் இலங்கைப் பட்டை. தாத்தா வாய் திறந்து சொல்லாத இடங்கள் பலவும் இந்தப் பட்டைகளில் இருக்கும்.

வரிசைக்கு வருவோம். எதிரே நின்று பார்க்கும் நமக்கு இடது ஓரத்தில் உயர்ந்தது வரவேண்டும். அணிந்தவருக்கு அது மார்பின் நடுப்பக்கம். சேனா மெடல் போன்ற வீரப் பதக்கம் இருந்தால் முதலிடம் அதற்கு. இரண்டு போரும் பார்த்து, இலங்கையும் போய்வந்த ஒருவருக்கு வரிசை இப்படி அமையும்: ஸ்பெஷல் சர்வீஸ், சமர் சேவா ஸ்டார், பஸ்சிமி ஸ்டார், ரக்ஷா, சங்கிராம், சைன்ய சேவா, 1972 சுதந்திர வெள்ளி விழா மெடல், கடைசியில் 20 வருஷ, 9 வருஷ நீண்ட சேவை மெடல்கள். 20 வந்துவிட்டதே என்று 9-ஐ எடுத்துவிடக் கூடாது. இரண்டும் இருக்க வேண்டும்.

பிராஸோ போன்ற உலோகப் பாலிஷ் போட்டுத் தேய்ப்பதுதான் பெரிய நாசம். விளிம்பு எழுத்து தேய்ந்துபோகும், பள்ளங்களில் வெள்ளைப் பொடி அடைத்துக்கொள்ளும். ஸ்டார்கள் வெண்கல நிறத்தில்தான் இருக்கும். அது அழுக்கு இல்லை. உலர்ந்த மெல்லிய பருத்தித் துணியால் துடைத்தாலே போதும். ரிப்பனின் அகலம் 32 மில்லிமீட்டர். நைந்திருந்தால் புதிது மாற்றலாம், ஆனால் கழற்றும் முன் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். சில ரிப்பன்களில் இரண்டு ஓரமும் ஒரே நிறமாக இருக்காது, திருப்பித் தைத்துவிட்டால் தவறாகிவிடும்.

சட்டத்துக்குக் குறைந்தது ஒன்றரை அங்குல ஆழம் வேண்டும். மெடல் கண்ணாடியைத் தொடக் கூடாது. அடியில் அமிலமில்லாத மவுண்ட் அட்டையும் பருத்தித் துணியும் போதும். கம்பளித் துணியில் உள்ள கந்தகம் உலோகத்தைக் கறுக்க வைக்கும், அது வேண்டாம். ஃபெவிகால், இரட்டைப் பக்க டேப் எதுவும் கூடாது. கோடை வெயிலில் பசை இளகி மெடல் கீழே சரியும், ரிப்பனில் கறை ஏறும். கொக்கி வளையத்தைச் சுற்றி நூலால் அட்டையோடு தைப்பதுதான் சரி. மார்பில் குத்த உதவிய பழைய ஊசிப் பட்டை துருப்பிடித்திருந்தால் கழற்றிவிடுங்கள். சட்டத்தின் பின் மூலைகளில் கார்க் துண்டு ஒட்டினால் சுவருக்கும் சட்டத்துக்கும் நடுவே காற்று போகும். மழை ஈரம் இறங்கும் வெளிச்சுவரில் மாட்டக் கூடாது. நேர்வெயில் பட்டால் ரிப்பன் வெளுத்துப்போகும்.

டிஸ்சார்ஜ் புக்கின் அசலைச் சட்டத்துக்குள் போடவே போடாதீர்கள், லேமினேஷனும் செய்யாதீர்கள். குடும்ப ஓய்வூதியம் போன்றவற்றுக்கு அதைக் கேட்கும் சந்தர்ப்பம் வரும். ஸ்கேன் எடுத்த நகலை வையுங்கள்.

பெயர்ப் பலகையில் ஓய்வுபெற்றபோதிருந்த பதவி, பெயர், பட்டாலியன், சேர்ந்த வருஷம், வெளியே வந்த வருஷம், அவ்வளவுதான். 'வீரத்திருமகன்', 'தேசத்தின் சிங்கம்' எல்லாம் பிளக்ஸ் பேனருக்கு. ஓய்வுக்குப் பிறகு கௌரவப் பதவி கிடைத்திருந்தால் 'கௌரவ' என்ற சொல்லைச் சேர்த்தே எழுதுங்கள். முடிந்ததும் வாட்ஸ்அப் குழுவில் படம் போடத்தான் போகிறீர்கள்; அதற்கு முன் ராணுவ எண்ணும் பென்ஷன் ஆர்டர் எண்ணும் தெரியாமல் மறைத்துவிடுங்கள். பென்ஷன்காரர்களைக் குறிவைக்கும் போன் மோசடிக்காரர்களுக்கு அந்த இரண்டு எண்ணும் போதும்.