டைரக்டர்கள் மட்டும்

அவரை வெளியே போகச் சொன்னது சரிதான் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். எங்கள் உழவர் உற்பத்தியாளர் கம்பெனியின் போர்டு மீட்டிங்கில் ஒரு பெண் டைரக்டரின் வீட்டுக்காரர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, கேட்கிற கேள்விக்கெல்லாம் அவரே பதில் சொன்னால் வேறென்ன செய்வது? இப்படி முடிவுகட்டிவிட்டு நிம்மதியாக இருக்கலாம் என்று பார்த்தால், அந்த அம்மா கேட்டது ஞாபகத்துக்கு வந்துவிடுகிறது.

அன்றைக்குப் பேச்சு மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, கொள்முதல் பற்றி. பிடுங்கின கையோடு விற்பதா, குடோனில் போட்டுவைத்து விலைக்குக் காத்திருப்பதா? அந்த அம்மாவைப் பார்த்துக் கேட்டேன், பதில் பக்கத்து நாற்காலியிலிருந்து வந்தது. இன்னொரு கேள்வி, அதற்கும் அப்படியே. "அண்ணே, டைரக்டர்ஸ் மட்டும் பேசட்டும், நீங்க கொஞ்சம் வெளிய இருங்க" என்றேன். சிரித்துக்கொண்டேதான் சொன்னேன். அவரும் சிரித்துக்கொண்டேதான் எழுந்து போனார்.

கொஞ்ச நேரம் அந்த அம்மா வாயே திறக்கவில்லை. அப்புறம், "மண்டியில சாக்கு எடைன்னு மூட்டைக்கு ஒரு கிலோ கழிக்கிறாங்க. நாமளும் கழிப்போமா, மாட்டோமா? அதை முதல்ல சொல்லுங்க" என்றார். அன்றைக்கு அந்த அறையில் கேட்கப்பட்ட உருப்படியான கேள்வி அதுதான். விவசாயி எங்களிடம் வருவதா, மண்டிக்கே போவதா என்பது அந்த ஒரு கிலோவில்தான் இருக்கிறது. மாத அறிக்கையில் இதுவரைதான் எழுதினேன். 'பெண் இயக்குநர்களின் பங்கேற்பு' என்ற கட்டத்துக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

மினிட்ஸ் புத்தகத்தில் கையெழுத்துப் போடும்போதுதான் கேட்டார்: "சார், பெரியவரோட மகன் கடைசிவரைக்கும் உள்ளதானே இருந்தாரு?"

இருந்தார். எங்கள் டைரக்டர்களில் ஒரு பெரியவருக்குக் கண் சரியில்லை, காகிதம் படித்துக் காட்டவும் போனைப் பார்க்கவும் மகன் கூடவே வருவார். "அவர் பேசலையேம்மா" என்றேன்.

"இவரையும் பேசாதீங்கன்னு சொல்லியிருந்தா பேசாம இருந்திருப்பாரு சார்."

நான் பேச்சை மாற்றினேன். இனிமேல் தனியாகவே வாருங்கள், மகளிருக்கு டவுன் பஸ் ஃப்ரீதானே என்றேன். "ஃப்ரீதான் சார். வந்தாத்தானே ஏறலாம்?" என்றார். மீட்டிங் முடிகிற நேரத்துக்கு அவர் ஊருக்குப் பஸ் கிடையாது. வெளியே அனுப்பப்பட்டவர் வண்டியில்தான் அவர் வீட்டுக்குப் போக வேண்டும். வழியில் என்ன பேச்சு நடந்திருக்கும் என்று நான் யோசித்தது ராத்திரிதான்.

ஆனால் அந்த அம்மா பெயருக்குத்தான் டைரக்டர், நடத்துவது வீட்டுக்காரர் என்ற என் சந்தேகம் காற்றிலிருந்து வந்ததில்லை. டைரக்டருக்கான டிஜிட்டல் கையெழுத்து பென்டிரைவ் மாதிரி ஒரு டோக்கனில் இருக்கும். அந்த அம்மாவின் டோக்கன் வீட்டுக்காரரின் வண்டிச் சாவிக்கொத்தில் தொங்குகிறது. டைரக்டரின் அடையாளத்தைச் சரிபார்க்கும் கேஒய்சிக்கு ஓடிபி போவதும் அவர் போனுக்குத்தான். கம்பெனிச் சட்டத்தின் கண்ணில் கையெழுத்திடுவது மனைவி, நடப்பில் கணவர். பட்டாவும் அவர் பெயரில்தான். சட்டம் பட்டா கேட்பதில்லை, உற்பத்தியாளராக இருந்தால் போதும். ஆனாலும் உறுப்பினர் சேர்க்கும்போது கை தானாகச் சிட்டா நகலைத்தான் தேடுகிறது. 2015-16 வேளாண் கணக்கெடுப்பில் நாட்டின் சாகுபடிதாரர்களில் பெண்கள் சுமார் 14 விழுக்காடுதான். களை எடுப்பதிலும் காய் ஆய்வதிலும் யார் இருக்கிறார்கள் என்று வயலில் போய்ப் பார்த்தால் அந்தக் கணக்குக்கே சிரிப்பு வரும். 2020இல் வந்த பத்தாயிரம் எஃப்பிஓ (உழவர் உற்பத்தியாளர் அமைப்பு) திட்டம், போர்டில் ஒரு பெண்ணாவது இருக்க வேண்டும் என்கிறது. அந்த ஒருவர் எப்படி வந்துபோவார் என்பது எந்தப் படிவத்திலும் இல்லை.

சரி, இத்தனையும் உண்மை. ஆனாலும் பெரியவர் சொன்னது அவருடைய சொந்த அபிப்பிராயம்தானா என்று எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. மகன் காதில் ஓதியிருக்கலாமே? அவருக்கு ஆள் துணை என்றால் உதவி, இந்த அம்மாவுக்கு என்றால் ஆக்கிரமிப்பு. இப்படி எழுதும்போதே 'ரெண்டும் ஒண்ணா?' என்று கேட்கத் தோன்றுகிறது. ஒன்று இல்லைதான். மகன் அப்பாவுக்குப் பதிலாகப் பேசவில்லை. அந்த அம்மாவின் வீட்டுக்காரரை வெளியே அனுப்பியிராவிட்டால் சாக்கு எடைக் கேள்வி வந்திருக்காது. அதே கேள்வியை வண்டியில் வரும்போது அவர்கள் இருவரும் பேசித்தான் வைத்திருந்தார்களா? தெரியாது. அப்படியே இருந்தாலும் என்ன?

இதை எங்கள் கணக்காளரிடம் சொன்னேன், அவரும் பெண்தான். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நம்ம ஸ்டாஃப் மீட்டிங்ல மினிட்ஸ் எழுதறது எப்பவும் நான்தான் சார். பேசறதா, எழுதறதா?" என்றார். பாலினச் சமத்துவப் பயிற்சி நடந்த அன்றும் அவர்தான் எழுதினார். கையெழுத்து நன்றாக இருக்கிறது என்பதுதான் காரணம் என்று நான் சொல்ல, அவர் சிரித்துவிட்டு வவுச்சரைப் பார்க்கத் தொடங்கினார்.

மீட்டிங்கைக் காலை பதினொரு மணிக்கு மாற்றினேன். மோட்டாருக்கு த்ரீ ஃபேஸ் கரன்ட் வருகிற நேரம் அது என்று ஆண் டைரக்டர்கள் முணுமுணுக்கிறார்கள். டோக்கனைப் புதுப்பிக்கும்போது அந்த அம்மாவின் சொந்த நம்பரைத்தான் கொடுக்க வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறேன். புது சிம் வாங்குகிறேன், மாசாமாசம் ரீசார்ஜ் யார் பண்ணுவது என்று கேட்டார். கம்பெனிக் கணக்கில் போடலாமா என்று கணக்காளரிடம் கேட்டேன். போடலாம், ஆனால் பெரியவரும் கேட்பாரே என்கிறார்.