பெயர்ப் பெட்டியில் ஒரு சாய்கோடு

கோலாலம்பூரில் இணையதள வடிவமைப்பு பழகுகிறவர்கள் பெரும்பாலும் முகப்புப் பக்கத்தில்தான் கைவைக்கிறார்கள். பெரிய படம், நல்ல எழுத்துரு, நிறம். தொழிலை உண்மையில் கற்றுத்தருவது விண்ணப்பப் படிவம்தான். புதிதாகச் சேர்ந்தவரிடம் முதல் வாரமே ஒரு படிவத்தைக் கொடுத்து, மவுஸைக் கழற்றிவிட்டு டேப் விசையை மட்டும் வைத்து நிரப்பச் சொல்ல வேண்டும். தேர்வான பெட்டியைச் சுற்றித் தெரியும் குவியக் கோட்டை அழகுக்காக நீக்கிய பக்கத்தில், தாம் எந்தப் பெட்டியில் நிற்கிறோம் என்றே அவருக்குத் தெரியாது.

பெயர்ப் பெட்டியிலேயே சிக்கல் ஆரம்பிக்கும். நம்மவர் பலரின் ஐசியில், அதாவது மலேசிய அடையாள அட்டையில், பெயருக்கும் தகப்பனார் பெயருக்கும் நடுவே 'ஏ/எல்' (மகன்) அல்லது 'ஏ/பி' (மகள்) இருக்கிறது. எழுத்தும் இடைவெளியும் மட்டுமே செல்லும் என்று விதி எழுதிய படிவம், அந்தச் சாய்கோட்டைக் கண்டதும் 'தவறான பெயர்' என்கிறது. ஒருவரின் பெயரையே தவறு என்று சொல்லி அவரை வரவேற்பது பெரிய அவமரியாதை. தரவுத்தளத்துக்குள் யாராவது கெட்ட கட்டளையை நுழைத்துவிடுவார்கள் என்ற பயத்தில் போட்ட தடை இது. அந்தப் பயத்துக்கு மருந்து வேறு: பெயரை வினவலுக்குள் (தரவுத்தளத்துக்கு அனுப்பும் கட்டளை) ஒட்டாமல் தனி மதிப்பாக அனுப்ப வேண்டும், திரையில் காட்டும்போது சிறப்புக் குறிகள் கட்டளையாக இயங்காதபடி மாற்றிக் காட்ட வேண்டும். பெட்டியோ சாய்கோடு, புள்ளி, சில மலேசியப் பெயர்களில் வரும் '@' எல்லாவற்றையும் ஏற்கட்டும். முதற்பெயர், குடும்பப்பெயர் என்று பிரிக்கவும் வேண்டாம். நம்மில் பெரும்பாலோருக்குக் குடும்பப்பெயரே கிடையாது. 'ஐசியில் உள்ளபடி முழுப்பெயர்' என்று ஒரே பெட்டி போதும்.

அடுத்தது ஐசி எண். 6, 2, 4 என்று மூன்று பெட்டிகளாக உடைத்து, ஒன்று நிரம்பியதும் தானாக அடுத்ததற்குத் தாவ விடுகிறார்கள். திரையில் உள்ளதைப் படித்துச் சொல்லும் திரைவாசிப்பானில் கேட்டுக்கொண்டு தட்டுபவருக்கு இடம் மாறியதே புரியாது. திருத்தப் பின்னோக்கி அழித்தால் முந்திய பெட்டிக்குப் போகவும் முடியாது. ஒரே பெட்டி வையுங்கள். கோடு போட்டாலும் போடாவிட்டாலும் 12 இலக்கத்தை வாங்கிக்கொண்டு, கோட்டை நிரலே நீக்கட்டும். பெட்டியின் வகையை 'எண்' என்று வைக்காதீர்கள்: 2005இல் பிறந்தவரின் ஐசி 05 என்று தொடங்கும், எண்ணாக மாறினால் முன்னால் உள்ள சுழியம் போய்விடும். உரைவகையாக வைத்து, கைப்பேசியில் எண் விசைப்பலகை வரும்படி மட்டும் சொன்னால் போதும்.

பெட்டிக்குள் மங்கலாக எழுதும் குறிப்பு, தலைப்புக்கு ஈடாகாது. தட்டத் தொடங்கியதும் அது மறைந்துவிடும். தலைப்பு பெட்டிக்கு மேலே இருக்கட்டும், நிரலில் அந்தப் பெட்டியோடு இணைந்திருக்கட்டும். சாதாரண அளவு எழுத்துக்கும் அதன் பின்னணிக்கும் இடையே ஒளிர்வு வேறுபாடு குறைந்தது 4.5க்கு 1 வேண்டும். வெள்ளைப் பின்னணியில் #767676 என்ற சாம்பல் நிறம் தேறும். ஒரு படி வெளிறிய #777777 தேறாது. பலர் விரும்பும் #999999 பக்கத்திலேயே வராது. பிழையைச் சிவப்பு நிறத்தால் மட்டும் காட்டாமல், எது தவறு, எப்படித் திருத்துவது என்று பெட்டியின் அருகே எழுத வேண்டும்.

மொழிக் குறியீட்டைத்தான் அதிகம் மறக்கிறோம். மலாய், ஆங்கிலம், தமிழ் மூன்றும் உள்ள தளத்தில் பக்கம் முழுக்க ஆங்கிலம் என்று அறிவித்திருந்தால், திரைவாசிப்பானின் ஆங்கிலக் குரல் தமிழை எழுத்தெழுத்தாகப் பிய்க்கும் அல்லது விட்டுவிடும். ஒவ்வொரு பகுதிக்கும் அதன் மொழியைக் குறியுங்கள். மொழித் தேர்வில் கொடி வேண்டாம், தமிழுக்கு எந்த நாட்டுக் கொடியைப் போடுவது? 'தமிழ்' என்று தமிழிலேயே எழுதுங்கள். 'சமர்ப்பிக்கவும்' போன்ற நீண்ட சொல் நிலையான அகலப் பொத்தானில் வழிந்துவிடும். அகலத்தைச் சொல்லுக்கு ஏற்ப விரிய விட்டு, 400 விழுக்காடு பெரிதாக்கியும் பாருங்கள்.

கடைசிச் சோதனையை நாமே முடித்துவிடக் கூடாது. என்விடிஏ என்ற திரைவாசிப்பான் இலவசம், எஃப் விசையால் பெட்டி பெட்டியாகத் தாவிக் கேட்கலாம். ஆனால் தினமும் அதிலேயே வேலை பார்ப்பவரின் வேகம் நமக்கு வராது. மலேசியப் பார்வையற்றோர் சங்கம் கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில்தான் இருக்கிறது. அப்படிப்பட்ட இடங்கள் வழியாக இரண்டு மூன்று பேரை அழையுங்கள். அவர்கள் படிவத்தை நிரப்பும்போது குறுக்கே பேசாமல், எங்கே நிற்கிறார்கள், எங்கே திரும்பிப் போகிறார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். அவர்களின் நேரத்துக்கு ஊதியம் கொடுங்கள். போக்குவரத்துச் செலவு தனி.