ஊதா மூடிக் குழாய்

ஜூலை 8
வீட்டில் வழிவழியாக வரும் புற்று எனக்கும் இறங்கியிருக்கிறதா என்று பார்க்கும் மரபணு டெஸ்ட்டுக்கு ரத்தம் கொடுத்துவிட்டு வந்தேன். ஊதா மூடி போட்ட சின்னக் குழாய். ரிப்போர்ட் வர நான்கு வாரம் ஆகுமாம்.

ஜூலை 9
மரபணு கவுன்சிலர் அக்கா எங்கள் குடும்பத்தை வரைந்த தாளை மறுபடி எடுத்துப் பார்த்தேன். பெண்ணுக்கு வட்டம், ஆணுக்குச் சதுரம். புற்று வந்தவர்களுக்கு உள்ளே கருப்பு, இறந்தவர்கள் மேல் சாய்கோடு. ஆயா, பெரியம்மா, அம்மா மூவருக்கும் கருப்பும் கோடும். சித்திக்குக் கருப்பு மட்டும். எத்தனை டாக்டரிடம் காட்டினோம்! வீட்டில் வேறு யாருக்கு வந்தது என்று ஒருவரும் கேட்டதில்லை. இந்த அக்காதான் சித்தி கட்டில் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, முக்கால் மணி நேரம் நிதானமாக, நம் பேச்சிலேயே கேட்டார். அந்த முக்கால் மணி நேரம் அம்மாவுக்குக் கிடைத்திருந்தால்.

ஜூலை 11
மாமாவின் சதுரம் காலியாக இருக்கிறது. அதற்குக் கீழே இரண்டு வட்டம்.

ஜூலை 13
தேவனாம்பட்டினம் போனேன். மாமா வலையில் கிழிசல் பார்த்துக்கொண்டிருந்தார். "அது பொம்பளைங்க வியாதி, என்னை ஏன் இழுக்கிற?" இந்தப் புற்றுக்குக் காரணமான பிஆர்சிஏ1 மரபணுக் கோளாறு ஆயாவிடமிருந்து ஆண் பிள்ளைக்கும் இறங்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு, அவரிடமிருந்து அவர் பெண்களுக்கும் அப்படியே என்றேன். சித்தி டெஸ்ட்டில் தெரிந்த அந்தக் கோளாறை மட்டும் தேடினால் போதும், செலவும் குறைவு என்றேன். நிமிரவே இல்லை. "தெரிஞ்சா பெரியவளை எவன் கட்டுவான்?" எனக்குப் பதில் வரவில்லை. அத்தை நெத்திலிக் கருவாடு மடித்துக் கொடுத்தார்.

ஜூலை 16
தூக்கம் இல்லை. எனக்கும் அந்தக் கோளாறு இருந்தால், வருஷா வருஷம் மார்புக்கு எம்ஆர்ஐ ஸ்கேன், மேமோகிராம் எக்ஸ்ரே. 35க்கு மேல் 40க்குள் சினைப்பையையும் கருக்குழாயையும் எடுக்கச் சொல்வார்கள். எனக்கு 33. கடைக்கு ஒரு நாள் போகாவிட்டால் அன்றைய சம்பளம் இல்லை. டெஸ்ட்டை இலவசமாகச் செய்துவிட்டார்கள், சரி. ஸ்கேனுக்கு யார் வழி செய்வது? அடுத்த முறை இதைத்தான் முதலில் கேட்கணும்.

ஜூலை 17
சித்திக்கு நான்காவது கீமோ. வாந்தி இல்லை. ரசம் சாதம் சாப்பிட்டாள்.

ஜூலை 22
இந்த மரபணுவை 1994லேயே கண்டுபிடித்துவிட்டார்களாம். அம்மா இறந்தது 2009.

ஜூலை 27
மாமாவின் பெரியவள் போன் செய்தாள், அப்பாவுக்குத் தெரியாமல். டெஸ்ட் எடுக்கப் புதுச்சேரிக்கு எந்த பஸ், வெறும் வயிற்றில் வரணுமா என்று கேட்டாள். சாப்பிட்டே வா என்றேன். அவளுக்கு இருந்தால் மாமாவுக்கும் இருக்கிறது என்று ஆகிவிடும். அதைச் சொல்லாமல் போனை வைத்துவிட்டேன். தப்பு. நாளைக்கு நானே கூப்பிட்டுச் சொல்லணும்.

ஜூலை 28
சொன்னேன். "தெரியும்க்கா, வரேன்" என்றாள்.

ஆகஸ்ட் 4
ரிப்போர்ட் வந்துவிட்டதாம். போனில் சொல்ல மாட்டார்களாம், நேரில் வரணும். காலையில் முதல் பஸ்.