சஃபெத் மலையில் 9ஆம் நாள்

இஸ்ரேலின் வடக்கே, மேல் கலிலேயா மலைகளில் ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் சஃபெத் நகருக்கு நான் போய்ச் சேர்ந்தது 2023 ஏப்ரல் 14, வெள்ளிக்கிழமை நண்பகலில். நம் வீடுகளில் அன்று சித்திரை முதல் நாள். ஹைஃபாவிலிருந்து ஏறிய பேருந்தில் எல்லோர் மடியிலும் பூங்கொத்தோ ரொட்டிப் பையோ இருந்தது. சூரியன் மறைந்து சபாத் ஓய்வுநாள் தொடங்குமுன் அவர்கள் வீடு சேர வேண்டும்.

லண்டனில் மூன்று ஆண்டுகளாக, வாரம் ஒரு மாலை, ஒரு யூத ஆசிரியையிடம் யூத மறைஞான மரபான கபாலாவின் நூல்களை மொழிபெயர்ப்பில் படித்து வருகிறேன். மறைபொருளை அறியும் ஆசையில்தான் அவரிடம் போனேன். இறைவன் வெளிப்படும் பத்து நிலைகளான செஃபிரோத்துகளும் எபிரேயத்தின் 22 எழுத்துகளும் சேர்ந்து ஞானத்தின் 32 பாதைகள் ஆவதைப் படித்தபோது ஏதோ ஒரு பூட்டின் சாவி கிடைத்ததுபோல் மகிழ்ந்தேன். ஆசிரியை அந்த வரைபடத்தை மூடி வைத்துவிட்டு, மோஷே கோர்தோவெரோ எழுதிய ‘தோமெர் தெபோரா’ என்ற சிறு நூலைக் கையில் கொடுத்தார். “கபாலா என்றால் பெற்றுக்கொள்ளுதல். பெறுவதற்கு முதலில் பாத்திரம் வேண்டும்” என்றார்.

அந்த நூலின் முதல் அதிகாரத்திலேயே ஓராண்டு நின்றுவிட்டேன். இறைவனை ‘அவமதிப்பைப் பொறுக்கும் அரசன்’ என்கிறார் கோர்தோவெரோ. மனிதன் பாவம் செய்கிற அதே கணத்திலும் அவன் கையை அசைக்கும் வலிமை இறைவனிடமிருந்தே வருகிறது; அதை நிறுத்திவிட இயலும், ஆயினும் அவன் நிறுத்துவதில்லை; மனிதனும் அவ்வாறே தன்னை அவமதித்தவருக்குச் செய்யும் நன்மையை நிறுத்தக் கூடாது என்கிறது நூல். இதைப் படித்தபோதெல்லாம் எனக்கு என் அக்காவின் முகமே நினைவுக்கு வந்தது. நான்கு ஆண்டுகளுக்கு முன், அப்பாவின் பதினாறாம் நாள் காரியத்தில், உறவினர் அனைவரும் பார்த்திருக்க, “படுக்கையில் கிடந்தவரைப் பார்த்துக்கொள்ள நீ எங்கே இருந்தாய்?” என்று கேட்டாள். அதன்பின் நான் அவளோடு பேசவில்லை. அவமதிக்கப்பட்டவள் நான் என்பதிலும், பொறுத்துக்கொள்ள வேண்டியவள் நான் என்பதிலும் எனக்கு ஐயமே இருக்கவில்லை.

ஸ்பெயின் 1492இல் யூதர்களை வெளியேற்றிய பிறகு, அந்தத் துயரத்தைச் சுமந்துவந்த தலைமுறைகளைச் சேர்ந்த அறிஞர்கள் பலர் 16ஆம் நூற்றாண்டில் இந்த மலையில் கூடினர். சட்ட நூல் தொகுத்த யோசேஃப் காரோவும் கோர்தோவெரோவும் இங்கே வாழ்ந்தவர்கள். எகிப்தில் வளர்ந்த ஐசக் லூரியா 1570இல் வந்தார்; 1572இல் கொள்ளைநோயில், 38 வயதில் மறைந்தார். நாற்பது வயதுக்கு முன் கபாலாவைத் தொடக் கூடாது என்று பிற்காலத்தவர் எச்சரித்த மரபில், அதன் தலைசிறந்த குரு நாற்பதைக் காணவேயில்லை என்பது என்னை நெடுநேரம் சிந்திக்க வைத்தது. அவர் எழுதியது மிகக் குறைவு. சொன்னவற்றை மாணவர் ஹயிம் விடால் ஏட்டில் காத்தார். அவர் சொன்னது இது: எங்கும் நிறைந்திருந்த முடிவிலியாகிய இறைவனின் ஒளி, உலகுக்கு இடம் தரத் தன்னையே ஒடுக்கிக்கொண்டது. பின் ஒளியைத் தாங்கமாட்டாமல் பாத்திரங்கள் உடைந்தன. சிதறிய பொறிகளை மீட்டெடுப்பதே மனிதனின் பணி. பாத்திரங்கள் ஒன்றுக்கொன்று இடம் கொடாமல் தனித்தனியே நின்றதால்தான் உடைந்தன என்று எங்கள் ஆசிரியை விளக்குவார்.

நகரின் மேற்குச் சரிவில் பழைய இடுகாடு இருக்கிறது. லூரியாவின் கல்லறைக்கும் கோர்தோவெரோவின் கல்லறைக்கும் நீல வண்ணம் பூசியிருக்கிறார்கள். வந்தவர்கள் விளக்கேற்றி, கூழாங்கல் ஒன்றை வைத்துவிட்டு நகர்ந்தார்கள். நானும் ஒரு கல்லை வைத்துவிட்டு, அந்த முதல் அதிகாரத்தை மெல்ல வாசித்தேன். ‘நிறுத்துவதில்லை’ என்ற இடத்தில் குரல் நின்றுவிட்டது.

ஒவ்வொரு கோடையிலும், யாராவது உறவினர் லண்டன் வரும்போது, அக்கா சுண்டைக்காய் வற்றலும் ஊறுகாயும் கொடுத்தனுப்புவாள். இந்த நான்கு ஆண்டுகளில் ஒருமுறையும் அது தவறியதில்லை. வாங்கினேன், வறுத்தேன், சாப்பிட்டேன். வந்து சேர்ந்தது என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவமதிப்பைப் பொறுத்துக்கொண்டு கொடுத்துவந்தவள் அவள். என் கையின் வலிமையை எனக்கு எதிராக எடுத்துக்காட்டிய அந்த வரியை ஓராண்டாக நான் தலைகீழாகப் படித்திருக்கிறேன். அந்தக் கல்லறை முன் அமர்ந்து அழுதேன்.

மாலையில், ‘அரி’ எனப்படும் லூரியாவின் பெயர் கொண்ட அஷ்கெனாசி அரி தொழுகைக்கூடத்தில் பெண்கள் பகுதியில் நின்றேன். 1837 நிலநடுக்கத்தில் இடிந்து, மீண்டும் கட்டப்பட்ட கூடம் அது. லூரியாவும் சீடர்களும் சபாத்தை மணமகளாக எதிர்கொள்ள வெள்ளுடையில் வயல்வெளிக்குப் போனார்களே, அந்த இடம் இதுதான் என்பது மரபு. சஃபெத்தில் வாழ்ந்த ஷ்லோமோ அல்கபெத்ஸ் இயற்றிய ‘லெகா தோதி’ என்ற சபாத் வரவேற்புப் பாடலின் கடைசிக் கண்ணி வந்ததும் கூட்டம் முழுவதும் திரும்பி, வருகிறவளுக்குத் தலைவணங்கியது. இருட்டிய பின் ஓமெர் நாள் எண்ணினார்கள். யூதரின் பஸ்கா விழாவிலிருந்து 49 நாள் எண்ணி, நாளுக்கு ஓர் இணையாக ஏழு செஃபிரோத்துகளைக் கொண்டு மனத்தைத் திருத்தும் நோன்பு அது. அன்று 9ஆம் நாள்: கெவுராவுக்குள் கெவுரா, கண்டிப்புக்குள் கண்டிப்பு.

ஊரின் ஓய்வைக் குலைக்க மனமில்லாமல் கைப்பேசியை அணைத்தே வைத்திருந்தேன். மறுநாள் காலை, தொழத் தொடங்குமுன் லூரியா சொல்லப் பழக்கிய உறுதிமொழியை நானும் சொன்னேன்: உன்னைப்போலவே பிறரையும் நேசி என்னும் கட்டளையை இதோ ஏற்கிறேன். பகல் மிக நீளமாக இருந்தது. மெரோன் மலைக்குப் பின்னால் வெயில் இறங்கி, வானில் மூன்று விண்மீன்கள் தெரிந்து சபாத் முடிந்தபோது, 10ஆம் நாளை எண்ணினார்கள்: கண்டிப்புக்குள் திஃபெரெத், அதாவது இசைவு. நம் ஊரில் மணி இரவு பத்தைத் தாண்டியிருக்கும் என்று தெரிந்தும் அக்காவை அழைத்தேன். நெடுநேரம் ஒலித்த பிறகு எடுத்தாள்.

“என்னடி இந்த நேரத்துல? வத்தல் தீந்துடுச்சா?”